ஐம்பது ஐம்பதாகக் குறைந்த பணம்

ஒரு டாலருக்கு அனுமதி கேட்டால் ஐம்பது டாலரைப் பிடித்து வைப்போம். நான் அமெரிக்காவில் முதலில் பார்த்த வேலை அதுதான். சொன்னால் மீட்டர் வட்டிக்காரர் பேச்சு மாதிரி இருக்கும், ஆனால் அதில் ஒரு நியாயம் உண்டு. கேஸ் ஸ்டேஷனில், அதாவது பெட்ரோல் பங்கில், நீங்களே கார்டைச் செருகி, நீங்களே குழாயை எடுத்து நிரப்பிக்கொள்கிறீர்கள். எவ்வளவு போடப்போகிறீர்கள் என்று பம்புக்கும் தெரியாது, பாங்குக்கும் தெரியாது. அதனால் பம்ப், கார்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு டாலருக்கு அனுமதி கேட்கும். பாங்க், எதற்கும் இருக்கட்டும் என்று உங்கள் கணக்கில் ஐம்பது டாலரை நீங்கள் தொட முடியாதபடி ஒதுக்கி வைக்கும். அதற்குப் பெயர் ஹோல்ட். நீங்கள் பதினான்கு டாலருக்குப் போட்டிருந்தால், அந்தப் பில் வந்து சேர்ந்ததும் பதினான்கை எடுத்துக்கொண்டு, ஐம்பதின் மேலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். அந்தக் கையை எடுக்கிற புரோகிராம் என் பொறுப்பில் இருந்தது.

நீங்கள் கார்டு தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். தொழில்நுட்பம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் எழுதிய மொழியை உங்களில் பாதிப் பேர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆகவே அதைப் பற்றிப் பேசப்போவதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிவரை நடந்ததை மட்டும் சொல்கிறேன். அன்று நான் இரண்டு தப்பு செய்தேன். ஒன்று ஏற்கெனவே செய்திருந்தது, அன்றுதான் தெரிந்தது. இன்னொன்றை அன்றைக்கே செய்யப் பார்த்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கம்ப்யூட்டர்கள் எல்லாம் இரண்டாயிரமாம் வருஷத்தைப் பார்த்துக் குழம்பிவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருந்தது. பழைய புரோகிராம்களில் வருஷத்தை இரண்டு இலக்கத்திலிருந்து நான்கு இலக்கமாக மாற்ற எங்களைப் போல ஆயிரக்கணக்கானவர்களைச் சென்னையிலிருந்து விமானத்தில் ஏற்றிக் கூட்டிவந்தார்கள். ஹூஸ்டனுக்கு மேற்கே ஒரு பாங்கின் கார்டு சென்டரில் என்னைப் போட்டார்கள். பக்கத்திலேயே கேட்டி என்ற ஊரில் ஒரு அபார்ட்மென்ட். என் விசாவில் நான் மட்டும்தான் வேலை செய்யலாம். என் கணவர் திருச்சியில் நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து, வீட்டில் சமைத்துக்கொண்டு, காலையும் மாலையும் என்னைக் காரில் கொண்டுவிட்டுக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தார். அந்த வேலை போனால் இரண்டு பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். இது அப்போது எங்கள் எல்லோருக்கும் பொது. பக்கத்துத் தடுப்பில் உட்கார்ந்திருந்த பாஸ்கருக்கும் அதே கதிதான். அவன் மாம்பலத்துக்காரன், நான் வந்த அதே கம்பெனி மூலம் வந்தவன்.

அந்த வெள்ளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் என் புரோகிராமின் புது வடிவம் நடைமுறைக்குப் போயிருந்தது. வருஷத்தை மாற்றும்போது உள்ளே கிடந்த பழைய குப்பைகளையும் கூட்டிவிடலாம் என்று எனக்கு ஒரு ஆசை. அப்படிக் கூட்டியபோது பன்னிரண்டு வரிகள் தட்டுப்பட்டன. அதற்கு முன்னால் விளக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. குறிப்பிட்ட ஒரு எண் உள்ள கடையாக இருந்தால் தொகையைப் பார்க்காதே என்று மட்டும் சொன்னது. பிடித்து வைத்த தொகையும் பில் தொகையும் ஒன்றாக இருந்தால் ஹோல்டை எடுத்துவிடுவது என்பது பொது விதி. அப்படி இருக்கையில் ஒரு கடைக்கு மட்டும் எதற்குத் தனிச் சலுகை என்று நினைத்தேன். எந்தக் காலத்திலோ யாரோ போட்டு மறந்துபோனது என்று முடிவுகட்டி எடுத்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. சோதனை செய்தபோது எல்லாம் சரியாக வந்தது. வராமல் என்ன செய்யும்? சோதனைக்கு நான் தயாரித்த தரவில் பெட்ரோல் போட்டவர்கள் எல்லோரும் மிகச்சரியாக ஐம்பது டாலருக்குப் போட்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை என் மேஜை போன் அடித்தது. பேசியவர் ஜெயசீலன் அண்ணன். கேட்டியில் எங்கள் அபார்ட்மென்டுக்குப் பக்கத்தில் கேஸ் ஸ்டேஷன் வைத்திருந்தவர். யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து, கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர். ஒருமுறை அவர் கடையில் என் கைப்பையை மறந்து வைத்துவிட்டு வந்தபோது என் ஆபீஸ் நம்பரை வாங்கி வைத்திருந்தார். அதுவரை அந்த நம்பருக்கு அவர் கூப்பிட்டதில்லை.

"தங்கச்சி, வேலை நேரத்தில கரைச்சல் குடுக்கிறன், குறை நினையாதேங்கோ. நீங்கள் கார்ட் பகுதியிலதானே வேலை?"

"ஆமாண்ணா, சொல்லுங்க."

"என்ர பம்பில கார்ட் போட்ட சனத்துக்கு, போட்டதுக்கு மேலால காசு போகுதெண்டு மூண்டு நாளாச் சண்டை. நேற்று ஒராள் என்னைக் கள்ளன் எண்டே சொல்லிப்போட்டார்."

நான் உடனே சொன்ன பதிலை இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

"அண்ணா, அது பம்ப்ல ஏதாவது ப்ராப்ளமா இருக்கும். பம்ப் கம்பெனிக்காரங்கள வரச்சொல்லிப் பாருங்க."

"உங்கட பாங்க் ஹெல்ப் லைனிலயும் இதைத்தான் சொல்லுகினம். பம்ப் கம்பெனிக்காரன் வந்து பாத்துட்டுப் பாங்க்கைக் கேளெண்டு போட்டான். நான் சொல்லுறதை ஒருக்காக் கேளுங்கோ. முறைப்பாடு சொன்ன ஆக்கள் எல்லாரின்ர பேரையும் கொப்பியில எழுதி வச்சிருக்கிறன். பதினேழு பேர். எல்லாம் உங்கட பாங்க் கார்ட். வேற பாங்க்காரர் ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. அடுத்தது, குறையிற காசு எப்பவும் ஐம்பது, இல்லாட்டி நூறு, இல்லாட்டி நூற்றைம்பது. களவு போற காசு இப்படி ஒரு ஒழுங்கில போகாது தங்கச்சி."

ஐம்பது என்பது எங்கள் ஹோல்டின் தொகை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகா என்று கேட்டேன். திங்கள் காலையிலிருந்து என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இப்ப ஒரு பொம்பிளைப்பிள்ளை கடைக்குள்ள நிக்கிறா. மெஷினில காசு மிச்சம் பாத்த துண்டைக் கையில வச்சுக்கொண்டு அழுகிறா. அவவோட ஒருக்காக் கதையுங்கோ. அவவுக்கு நேரமில்லை."

அந்தப் பெண்ணின் பெயர் அல்மா. நோயாளிகளின் வீடுகளுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர். நாளெல்லாம் காரில் சுற்ற வேண்டிய வேலை, அதனால் தினமும் பெட்ரோல் போடுகிறவள். விவாகரத்துக்குப் பிறகு அவளுடைய ஆறு வயது மகள் சான் அன்டோனியோவில் தகப்பனின் தாய் வீட்டில் இருந்தாள். அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு அங்கே கோர்ட்டில் விசாரணை. தனியாக வீடு எடுத்துக் குழந்தையை வைத்துக்கொள்ள முடியும் என்று காட்ட வேண்டும். வீட்டு முன்பணம் நானூறு டாலர் கணக்கில் இருப்பதற்கு பாங்க் தாள் ஒன்று கொண்டுவரும்படி அவளுடைய வக்கீல் சொல்லியிருந்தார். அவள் கணக்குப்படி ஐந்நூற்றுப் பத்து டாலர் இருக்க வேண்டும். மெஷின் கொடுத்த துண்டில் இருநூற்று அறுபது என்று இருந்தது.

ஆங்கிலத்தில்தான் பேசினோம். அவள் அழுது முடித்துவிட்டுப் பேசினாள். குரல் நிதானமாகவே இருந்தது.

"மணி பத்தாகப் போகிறது. பத்தரைக்கு நான் கிளம்பியாக வேண்டும். எனக்கு விளக்கம் எதுவும் வேண்டாம். அந்தப் பணம் என்னுடையதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்."

கார்டு எண்ணைக் கேட்டு வாங்கிக் கணக்கைத் திறந்தேன். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. ஐந்து ஹோல்ட், ஐந்தும் ஐம்பது. முதல் நான்கு நாளைக்கும் உரிய பில்கள், பன்னிரண்டு, பதினைந்து என்று வந்து தனியாகக் கழிக்கப்பட்டிருந்தன. ஹோல்ட் மட்டும் அசையாமல் நின்றது. நான் தூக்கி எறிந்த பன்னிரண்டு வரிகள் எதற்காக இருந்தன என்று அந்தத் திரையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அந்தக் கடை எண் எல்லாப் பெட்ரோல் பம்புகளுக்கும் பொதுவான வகை எண். பம்பில் பிடித்து வைத்த தொகையும் பில்லும் அநேகமாக ஒருநாளும் ஒன்றாக இருக்காது. மிச்சம் இருந்த விதிப்படி ஹோல்ட் தானாகக் காலாவதியாகப் பத்து நாள் ஆகும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எங்கள் பாங்க் கார்டில் பெட்ரோல் போட்ட ஒவ்வொருவருக்கும் இது நடந்துகொண்டிருந்தது.

"உங்களுடையதுதான்" என்றேன். "பத்து நிமிஷம் கொடுங்கள். அதே போனுக்குக் கூப்பிடுகிறேன்."

பாஸ்கரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். அவன் கெட்டிக்காரன், நான் சொல்லி முடிப்பதற்குள் புரிந்துகொண்டான். என் நாற்காலியின் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு மெதுவாகப் பேசினான்.

"இங்க பாரு. அந்தம்மாக்கு மட்டும் ஹெல்ப் டெஸ்க்ல சொல்லி மேன்யுவலா ரிலீஸ் பண்ணச் சொல்லு. பண்ணிடுவாங்க, ரீசன் கேக்க மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை அடுத்த சேஞ்ச் போகுது இல்ல, அதுல அந்தப் பன்னெண்டு லைன திருப்பி உள்ள போட்டுரு. யாருக்கும் தெரியாது. நீயா போய்ச் சொன்னா காண்ட்ராக்ட அன்னிக்கே கட் பண்ணிருவாங்க. உன் ஹஸ்பெண்ட் என்ன பண்ணுவாரு? நம்ம கம்பெனிலேர்ந்து வந்தவங்க எல்லாருக்கும் பேர் கெடும், எனக்கும் சேத்துதான்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்காகவும் தனக்காகவும் பயந்து சொன்னான். உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு யோசனை வரும். அது அயோக்கியத்தனமான உடை போட்டுக்கொண்டு வராது. நல்ல நண்பன் வாயிலிருந்து, நல்ல காரணத்தோடு வரும். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டே நாள்தானே என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. சம்பளம் வருகிற நாள். ஜெயசீலன் அண்ணன் கொப்பியில் மட்டும் பதினேழு பேர். மற்ற கேஸ் ஸ்டேஷன்களில் யாரும் கொப்பி போட்டு வைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு நாளில் இன்னும் எத்தனை பேர் கையில் துண்டை வைத்துக்கொண்டு நிற்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். தைரியசாலி என்பதால் எழுந்தேன் என்று சொன்னால் பொய். இரண்டு நாள் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு என்னால் சோறு சாப்பிட முடியாது என்று தெரிந்தது. அதனால் எழுந்தேன்.

எங்கள் குழுத் தலைவி டெக்சஸ்காரி. பாங்கில் கவுன்டரில் பணம் எண்ணும் வேலையில் சேர்ந்து, படிப்படியாக இங்கே வந்தவள். பெயர் வேண்டாம், அவளுக்குப் பிடிக்காது. அவள் அறைக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே போய் நின்றபடியே சொன்னேன். பெட்ரோல் ஹோல்ட் எதுவும் விடுபடவில்லை, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, காரணம் நான், இப்போது ஒரு பெண் என் போனுக்காகக் காத்திருக்கிறாள், அவளுக்குப் பத்தரை வரைதான் நேரம். மூச்சு விடாமல் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"இப்போதும் நடந்துகொண்டிருக்கிறதா?"

"ஆமாம்."

"முதலில் அந்தப் பெண். அப்புறம், நடப்பதை நிறுத்துவது. அதற்கப்புறம்தான் நடந்ததைச் சரிசெய்வது. வரிசையை மாற்றாதே. நீ எப்படி இதைச் செய்தாய் என்பதைத் திங்கட்கிழமை பேசலாம்."

அல்மாவின் ஐந்து ஹோல்டையும் அவளே தன் கையெழுத்தில் கையால் எடுத்தாள். சான் அன்டோனியோவில் கோர்ட்டுக்கு அருகில் இருந்த எங்கள் கிளைக்குப் போன் போட்டு, இந்தப் பெயரில் ஒருவர் ஒன்றரை மணி வாக்கில் வருவார், கணக்கு இருப்பை அச்சடித்து முத்திரை வைத்துக் கொடுங்கள், வரிசையில் நிற்க வைக்காதீர்கள் என்றாள். நான் ஜெயசீலன் அண்ணன் கடைக்குக் கூப்பிட்டபோது மணி பத்து பதினெட்டு.

"உங்கள் பணம் ஐந்நூற்றுப் பத்தும் அங்கேயே இருக்கிறது" என்று அல்மாவிடம் சொன்னேன். "தப்பு எங்களுடையது. அந்தத் துண்டைக் கிழித்துப் போடுங்கள். போகிற வழியில் எங்கள் கிளையில் புதுத் தாள் தயாராக இருக்கும்." விலாசத்தையும் என் நேரடி எண்ணையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

அவள் விலாசத்தைத் திருப்பி ஒருமுறை படித்துக் காட்டினாள். நன்றி சொல்ல அவளுக்கு நேரமில்லை. போனை வாங்கிய ஜெயசீலன் அண்ணன், "வெளிக்கிட்டுட்டா. டாங்க் நிரம்ப அடிச்சு விட்டிருக்கிறன், வழியில நிக்கத் தேவையில்லை" என்றார்.

அதற்குள் பாஸ்கர் தலைவியின் அறை வாசலில் வந்து நின்றான். நான் கூப்பிடவில்லை. "நான் என்ன செய்யட்டும்?" என்று அவளிடம் கேட்டான். பன்னிரண்டு வரிகளைத் திருப்பி உள்ளே வைத்து, நடப்பதை நிறுத்தும் வேலையை அவனிடம் கொடுத்தாள். பழைய புரோகிராமை அப்படியே எடுத்து வைக்க முடியாது. ஃபைல்களில் வருஷம் நான்கு இலக்கமாகிவிட்டதால் அதற்குப் படிக்கத் தெரியாது. புதியதில்தான் வரிகளைச் செருக வேண்டும். பதினொன்றரைக்கு அவன் முடித்துவிட்டான். அதன் பிறகு வந்த முதல் பில்லில் ஹோல்ட் விடுபட்டதை மூன்று பேரும் திரையில் பார்த்தோம். யாரோ ஒருவர் ஹூஸ்டனை ஒட்டிய பாசடீனாவில் ஒன்பது டாலருக்குப் பெட்ரோல் போட்டிருந்தார். அந்த ஒன்பது டாலரைப் போல வேறு எந்தத் தொகையையும் நான் அத்தனை ஆசையோடு பார்த்ததில்லை.

மிச்சம் இருந்தது ஐந்து நாளாகச் சேர்ந்துபோன ஹோல்டுகள். அவற்றை மொத்தமாக எடுக்க ஒரு சின்னப் புரோகிராம் எழுத வேண்டும். அதை நான் எழுதினேன், இருபது நிமிஷத்தில். கை பறந்தது. செய்த தப்பைத் துடைத்துவிட வேண்டும் என்கிற வேகம், வேறு எதையும் யோசிக்க விடவில்லை. கார்டில் ஹோல்ட் இருக்கிறதா, அதற்குப் பிறகு அதே கார்டில் பில் வந்திருக்கிறதா, வந்திருந்தால் ஹோல்டை எடு. எனக்கு அது சரியாகவே பட்டது. ஓட்டிவிடலாமா என்று கேட்டேன்.

"பாஸ்கர் படிக்கட்டும்" என்றாள் தலைவி.

"நேரமாகிறது. மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கார்டு போடும் நேரம்."

"அதனால்தான் சொல்கிறேன்."

பாஸ்கர் தாளில் அச்சடித்து, பென்சிலை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தான். எனக்கு அவன் கையிலிருந்து பிடுங்கலாம் போல இருந்தது. இரண்டாவது பக்கத்தில் பென்சில் நின்றது.

"ஏய், இதுல கடை நம்பர் எங்க செக் பண்ற?"

நான் செய்யவில்லை. கார்டை மட்டும் பார்த்திருந்தேன், கடையைப் பார்க்கவில்லை. அதாவது, ஹோட்டலில் தங்கியிருக்கிற ஒருவர் பெயரில் முன்னூறு டாலர் ஹோல்ட் இருந்து, அவர் வெளியே போய் ஒரு சாண்ட்விச் வாங்கியிருந்தால், என் புரோகிராம் சாண்ட்விச் பில்லைப் பார்த்து ஹோட்டல் ஹோல்டை எடுத்துவிட்டிருக்கும். வாடகைக் கார், ஹோட்டல், ஆஸ்பத்திரி, எல்லா நியாயமான ஹோல்டும் ஒரே ஓட்டத்தில் போயிருக்கும். அதைத் திரும்பப் போட வழியே கிடையாது. பன்னிரண்டு வரியை எடுத்ததில் சிலர் ஐந்து நாள் கஷ்டப்பட்டார்கள். இது ஓடியிருந்தால் சாயங்காலத்துக்குள் பாங்கே திண்டாடியிருக்கும்.

கீபோர்டை விட்டு நான் எழுந்துவிட்டேன். பாஸ்கர் அதைப் பார்த்தான். "விடு, இதுக்குத்தான் ரெண்டாவது ஆள். நீ சொல்லு, நான் டைப் பண்றேன்" என்று என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். காலையில் வாயை மூடிக்கொண்டிரு என்று சொன்ன அதே ஆள். மனிதர்களை ஒரு நாளின் ஒரு மணி நேரத்தை வைத்து எடைபோட்டுவிடாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு இவன் ஒருவன் போதும்.

திருத்தியதும், முதலில் ஒரே ஒரு கார்டில் ஓட்டிப் பார்க்கலாம் என்றாள் தலைவி. யார் கார்டில் என்ற கேள்வி வந்தது. உன்னிடம் நம் பாங்க் கார்டு இருக்கிறதா என்று என்னைக் கேட்டாள். இருந்தது. சம்பளம் அதில்தான் வந்தது. கணக்கைத் திறந்தால், எனக்கும் இரண்டு ஹோல்ட். திங்கட்கிழமையும் புதன்கிழமையும் என் கணவர் ஜெயசீலன் அண்ணன் கடையிலேயே பெட்ரோல் போட்டிருந்தார். என் பணத்தில் நூறு டாலர் கட்டுண்டு கிடந்திருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. கணக்கில் அதற்கு மேல் இருந்ததால் தெரியவில்லை. நாம் செய்யும் தப்பு நமக்குத் தட்டுப்படாத இடத்தில்தான் மற்றவர்களுக்கு முள்ளாக இருக்கிறது. இன்றைக்கும் எந்தப் புது மாற்றம் செய்தாலும், கணக்கில் அறுபது டாலர் மட்டும் வைத்திருக்கும் ஒருவருக்கு இது என்ன செய்யும் என்று முதலில் கேட்டுப் பாருங்கள். நான் அதற்குப் பிறகு வேலை பார்த்த எல்லா வருஷமும் கேட்டேன்.

என் இரண்டு ஹோல்டும் போயின. வேறு எதுவும் அசையவில்லை. பிறகு பத்துக் கார்டு, பிறகு நூறு, பிறகு எல்லாம். ஒன்றே காலுக்கு ஓட்டம் முடிந்தது. கார்டு சிஸ்டம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. ஹெல்ப் லைனில் உட்கார்ந்திருந்தவர்களிடம் தலைவியே நேரில் போய், பம்பைக் குறை சொல்ல வேண்டாம், தப்பு நம்முடையது, மன்னிப்புக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். நான் ஜெயசீலன் அண்ணனைக் கூப்பிட்டு, கொப்பியில் இருக்கும் பதினேழு பேரிடமும் காட்ட பாங்கின் பெயரில் ஒரு கடிதம் ஃபேக்ஸில் வரும் என்றேன். "அந்தக் கடிதத்தைக் கண்ணாடியில ஒட்டிவிடப் போறன் தங்கச்சி. கள்ளன் எண்டு சொன்ன மனுசன் வரட்டும், வாசிக்கட்டும்" என்றார்.

என் வேலை என்ன ஆயிற்று என்று இந்த இடத்தில் எல்லோரும் கேட்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். போகவில்லை. திங்கட்கிழமை ஒரு மணி நேரம் தலைவியின் அறையில் உட்கார்ந்தேன். சுகமான ஒரு மணி நேரம் அல்ல. யாரைக் கேட்டாய், ஏன் கேட்கவில்லை, சோதனைத் தரவை யார் தயாரித்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மேலே போன அறிக்கையை என்னிடம் காட்டினாள். தப்பு செய்தவர் பெயர் இருந்தது. அதற்கு அடுத்த வரியில், கண்டுபிடித்துத் தெரிவித்தவர் என்ற இடத்திலும் அதே பெயர் இருந்தது. அவள் சேர்த்திருந்தது அந்த ஒரு வரிதான். மேலே இருந்தவர்கள் இரண்டையும் சேர்த்துப் படித்திருக்க வேண்டும். காண்ட்ராக்டை யாரும் தொடவில்லை. அந்தப் பன்னிரண்டு வரிகளுக்கு முன்னால் அவை எதற்காக இருக்கின்றன என்று நான்கு வரியில் விளக்கம் எழுதிவைத்தேன். நான் போன பிறகும் அது அங்கே இருந்தது என்று கேள்விப்பட்டேன்.

ஆனால் எனக்கு அந்த நாள் திங்கட்கிழமையில் முடியவில்லை, வெள்ளிக்கிழமை சாயங்காலமே முடிந்துவிட்டது. ஒன்றே காலுக்கு எல்லாம் சரியானதும் ஆபீஸே லேசாகிவிட்ட மாதிரி இருந்தது, என்னைத் தவிர. அல்மா கிளைக்குப் போய்ச் சேர்ந்தாளா? ஒன்று நாற்பதுக்கு வந்து தாளை வாங்கிக்கொண்டு ஓடினாள் என்று கிளையில் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது. மூன்று ஆயிற்று, நான்கு ஆயிற்று. கோர்ட்டில் என்ன நடக்கும் என்று எனக்கு எதுவும் தெரியாது. ஒருவேளை அவள் தாமதமாகப் போயிருந்தால், காலையில் நான் பம்பைப் பாருங்கள் என்று பேசிக் கழித்த இரண்டு நிமிஷம்தான் காரணமாக இருக்குமோ என்று அதையே அரைத்துக்கொண்டிருந்தேன். பாஸ்கரும் வீட்டுக்குப் போகவில்லை. ஏதோ தாளைப் புரட்டிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தான்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போன் அடித்தது. வக்கீல் ஆபீஸிலிருந்து பேசுவதாக அல்மா சொன்னாள். கிசுகிசுப்பாகப் பேசினாள். ஏன் என்று முதலில் புரியவில்லை.

"தாளை நீதிபதி கேட்டார். கொடுத்தேன். இரண்டு தடவை பார்த்தார்" என்றாள். "இன்றையிலிருந்தே என்னோடு கூட்டிப்போகலாம் என்று சொல்லிவிட்டார். மூன்று மாதம் கழித்து மறுபடி வர வேண்டும். வருவேன்."

"குழந்தை எங்கே?"

"இங்கேதான், சோபாவில் தூங்குகிறாள். அதனால்தான் மெதுவாகப் பேசுகிறேன். காலையிலிருந்து அவளும் அழுதிருக்கிறாள் போலிருக்கிறது." பிறகு கேட்டாள். "எனக்காக நீங்கள் யாரிடமாவது திட்டு வாங்கினீர்களா?"

இல்லை என்றேன். உங்களால்தான் பல பேர் தப்பித்தார்கள் என்றும் சொன்னேன். அது அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. வக்கீலுக்குப் போன் வேண்டுமாம், வைக்கிறேன் என்றாள்.

நான் ரிசீவரைக் கீழே வைத்தபோது பாஸ்கர் தடுப்புக்கு மேலே தலையை நீட்டினான்.

"என்ன ஆச்சு?"

"கொழந்த தூங்குதாம்" என்றேன்.

அவன் அப்படியே நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றி, இரண்டு உள்ளங்கையாலும் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். பிறகு மானிட்டரை அணைத்துவிட்டு எழுந்தான்.

"வா, கீழ போலாம். காலைலேர்ந்து ரெண்டு பேரும் ஒண்ணும் சாப்பிடல."